பழைய பெஞ்ச் வைஸுக்கு உதிரிப் பாகம்: எதைத் தேடுவது, எதைச் செய்துகொள்வது

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ வார்க்கப்பட்ட பெஞ்ச் வைஸ் (வேலைமேசையில் பொருத்தி, இரு தாடைகளுக்கு நடுவே வேலைப்பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) இன்று கைக்கு வரும்போது பெரும்பாலும் முழுதாக வருவதில்லை. தாடைத் தகடுகளில் ஒன்று இருக்காது. கைப்பிடி இருந்த இடத்தில் யாரோ அறுத்துச் செருகிய கட்டுமானக் கம்பி தொங்கும். திருகைப் பின்னோக்கிச் சுழற்றினால் திருகு மட்டும் வெளியே வரும், முன் தாடை நகராமல் அங்கேயே நிற்கும். இவை எல்லாம் சரிசெய்யக்கூடிய குறைகள். வார்ப்பு உடம்பில் விரிசல் இல்லையென்றால் அந்த வைஸை மீட்டுவிடலாம். அதே எடையும் அதே வார்ப்புத் தரமும் உள்ள புதிய வைஸுக்கு இன்று கொடுக்க வேண்டிய விலையை எண்ணினால், அதற்காகச் சில வாரங்கள் அலைவது நட்டமும் அன்று.

பெரம்பூர், பொன்மலை போன்ற ரயில்வே பணிமனைகளும் கோவை, மதுரைப் பஞ்சாலைகளின் பட்டறைகளும் பிரிட்டிஷ் கருவிகளோடு வளர்ந்தவை. அதனால் தமிழ்நாட்டில் கிடைக்கும் பழைய வெளிநாட்டு வைஸ்களில் பெரும்பான்மை பிரிட்டிஷ் வைஸ்களே. இந்த வழிகாட்டியும் அவற்றையே முதன்மையாகக் கொள்கிறது. தொடக்கத்திலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய வைஸுக்காக ஊர் ஊராகத் தேட வேண்டியவை இரண்டே வகை: வார்ப்புப் பாகங்கள் ஒன்று, திருகும் நட்டும் சேர்ந்த இணை மற்றொன்று. தாடைத் தகடு, கைப்பிடி, வாஷர், ஸ்பிரிங், ஆணி முதலிய மற்ற அனைத்தையும் நல்ல கடைசல் பட்டறையில் செய்துகொள்வது விரைவு, மலிவு, பல நேரங்களில் தரத்திலும் மேல்.

வைஸை அடையாளம் காணுதல்

வைஸின் பக்கவாட்டிலும், நகரும் தாடையின் முகப்பிலும், அடித்தளத்தின் விளிம்பிலும் வார்ப்போடு வார்ப்பாக எழுந்து நிற்கும் எழுத்துகள் இருக்கும். பல அடுக்குப் பெயின்ட்டுக்குள் அவை புதைந்திருந்தால், பெயின்ட் நீக்கியைத் தடவி ஊறவைத்து மரக் குச்சியாலோ பித்தளை பிரஷ்ஷாலோ சுரண்ட வேண்டும். கிரைண்டரில் கம்பி பிரஷ்ஷை மாட்டி அழுத்துவது வேகமான வழிதான், ஆனால் உயரம் குறைந்த எழுத்துகள் அதில் மழுங்கிப்போகும். நமக்கு வேண்டிய மாடல் எண் பெரும்பாலும் அந்தச் சிறிய எழுத்தில்தான் இருக்கும். சுத்தமான பரப்பின் மேல் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் மங்கிய எழுத்தும் வெளுத்துத் தெரியும். நகரும் தாடையை முழுவதுமாக உருவி எடுத்து அதன் அடிப்பக்கத்தையும் உடம்பின் உட்குழியையும் பார்க்க மறக்கக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு வார்ப்புக்கும் தனித்தனி எண் இட்டிருக்கும் தயாரிப்பாளர்கள் உண்டு. தாடை ஒரு வைஸினுடையது, உடம்பு வேறொன்றினுடையது என்பது தெரியவருவதும் அப்போதுதான்.

ரெக்கார்ட் என்பது ஷெஃபீல்டில் இருந்த சி. அண்ட் ஜே. ஹாம்ப்டன் நிறுவனத்தின் வணிகப் பெயர். 1909 முதல் வழக்கில் உள்ளது. அந்தப் பெயர் பிற்காலத்தில் கைமாறி இர்வின் நிறுவனத்திடம் சென்றது. பார்க்கின்சன் வைஸ்கள் யார்க்‌ஷயரின் ஷிப்லி ஊரில் செய்யப்பட்டவை. முன்பக்கத்து நெம்புகோலை அழுத்தியவுடன் தாடை தடையின்றி நகரும் விரைவு விடுவிப்பு அமைப்புக்குப் பெயர்பெற்றவை. அமெரிக்க வைஸ்களில் 1941-இல் சிகாகோவில் தொடங்கிய வில்டன், ஈரி நகரத்து ரீட், மேரிடனின் சார்லஸ் பார்க்கர் ஆகியவை தேடுவோர் அடிக்கடி எதிர்கொள்ளும் பெயர்கள். மாசசூசெட்ஸின் அத்தோல் நகரில் இயங்கிய அத்தோல் இயந்திர நிறுவனம் 1905-இல் ஸ்டாரெட்டின் கைக்குச் சென்றது. எனவே அத்தோல் வைஸ் வைத்திருப்பவர் இரண்டு பெயர்களிலும் தேட வேண்டும். இத்தகைய கைமாற்றங்கள் வெறும் வரலாற்றுச் செய்திகள் அல்ல. ஒரே வார்ப்பு அச்சு இரு பெயர்களில் விற்கப்பட்டிருந்தால் பாகம் கிடைக்கும் வாய்ப்பும் இரட்டிப்பாகிறது.

வில்டனில் தேதியும் கிடைக்கும். நகரும் தாடையின் தண்டுக்கு அடியில் ஓடும் சாவிப் பட்டையில் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு காலகட்டத்தில் அங்கே பொறித்தது தயாரித்த நாள் அல்ல, ஐந்தாண்டு உத்தரவாதம் முடியும் நாள். ஆகவே அதைப் படித்து வயதைக் கணக்கிடுகிறவர் ஐந்தாண்டைக் கழிக்க வேண்டியிருக்கலாம்.

பெயரே இல்லாத வைஸ்கள் தனி வகை. பிரிட்டிஷ் வைஸ்களைத் தோற்றத்தில் ஒத்த வைஸ்கள் லூதியானா, ஜலந்தர் போன்ற கருவி நகரங்களில் ஏராளமாக வார்க்கப்பட்டுள்ளன. நீல நிறத்தையும் தாடையின் வளைவையும் பார்த்து, பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. பொருந்துமா என்பதை அளவு மட்டுமே சொல்லும்.

அளவெடுத்தல்

வெர்னியர் காலிப்பர், மரை கேஜ், ஸ்டீல் ஸ்கேல், வெள்ளைத்தாள் ஆகிய நான்கும் போதும். தாடைத் தகட்டுக்கு நீளம், உயரம், தடிமன் ஆகியவற்றைவிட முக்கியமானது இரு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரமும், துளை மையம் கீழ் விளிம்பிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும்தான். தகடே இல்லையென்றால் அது அமரும் வார்ப்புப் படியின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் துளைகளும் விளிம்புகளும் தாளில் பதியும். அந்தத் தாளையே பட்டறைக்குக் கொண்டுபோகலாம். நிலைத் தாடைக்கும் நகரும் தாடைக்கும் தனித்தனியாகத் தேய்த்தெடுப்பது நல்லது. பழைய வார்ப்புகளில் இரண்டு பக்கத் துளைகளும் ஒரே இடைவெளியில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மரைகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய பிரிட்டிஷ் வைஸ்களின் சிறு திருகாணிகள் விட்வொர்த் மரை கொண்டவை. 1841-இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த அந்த முறையில் மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்க மரைக்கும் நாம் இன்று பயன்படுத்தும் மெட்ரிக் மரைக்கும் கோணம் 60 பாகை. கால் அங்குலத்திலிருந்து 7/16 அங்குலம் வரை விட்வொர்த்துக்கும் அமெரிக்கக் கரட்டு மரைக்கும் அங்குலத்துக்கான மரை எண்ணிக்கை ஒன்றேதான். ஆகையால் ஒன்றின் போல்ட் மற்றதன் துளையில் ஓரளவு ஏறிவிடும். அரை அங்குலத்தில் மட்டும் விட்வொர்த்துக்கு 12, அமெரிக்க மரைக்கு 13. இரண்டும் ஒட்டவே ஒட்டாது. இதைவிட ஆபத்தானது 5/16 அங்குலத் திருகாணிக்குப் பதிலாக 8 மில்லிமீட்டர் போல்ட்டைப் போடுவது. விட்டம் 7.94 மில்லிமீட்டர் என்பதால் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஆனால் 5/16 விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 18 மரை, அதாவது மரைக்கு மரை 1.41 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் போல்ட்டில் அது 1.25 மில்லிமீட்டர். இரண்டு சுற்று எளிதாக ஏறி அதன்பின் இறுகும். ஸ்பேனரைப் போட்டு மேலும் திருப்பினால் வார்ப்பிரும்பின் மரை பொடிப்பொடியாக உதிரும்.

கடையில் கேட்கும்போது அங்குலப் பின்னத்தைச் சொல்வதைவிட நூல் கணக்கில் சொன்னால் வேலை விரைவாக நடக்கும். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். எனவே கால் அங்குலம் இரண்டு நூல், 5/16 இரண்டரை நூல், 3/8 மூன்று நூல், அரை அங்குலம் நான்கு நூல். விட்வொர்த் டேப்பும் டையும் (உள்மரையும் வெளிமரையும் வெட்டும் கருவிகள்) பெரிய கருவிக் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. பழைய வைஸ் ஒன்றுக்கு மேல் மீட்கும் எண்ணமுள்ளவர் இரண்டரை, மூன்று, நான்கு நூல் டேப்புகளை வாங்கி வைத்துக்கொள்வது வீண் செலவாகாது.

முதன்மைத் திருகை அளப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வைஸில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி தாடைகள் ஏறக்குறைய மூடிய நிலையில்தான் நடக்கிறது. அந்த நிலையில் நட் பற்றியிருப்பது திருகின் கைப்பிடிப் பக்கத்து மரைகளை. அதனால் அந்தப் பகுதிதான் முதலில் தேயும். திருகின் மறுநுனி, வைஸை முழுதாகத் திறந்தால் மட்டும் வேலைக்கு வருவதால், பெரும்பாலும் செய்த நாளில் இருந்த வடிவத்திலேயே இருக்கும். மரையின் விட்டம், அகலம், ஆழம், வடிவம் ஆகியவற்றை அந்த நுனியில் அளக்க வேண்டும். கைப்பிடிப் பக்கத்தில் அதே அளவை எடுத்து ஒப்பிட்டால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதும் உடனே தெரிந்துவிடும். மரை இடைவெளியை ஒற்றை மரையில் அளக்கக் கூடாது. அங்குலத்துக்கு நான்கு மரை என்றால் இடைவெளி 6.35 மில்லிமீட்டர், அதை 6 மில்லிமீட்டர் என்று மதிப்பிட்டுவிட்டால் பன்னிரண்டு மரை நீளமுள்ள நட்டில் வித்தியாசம் 4 மில்லிமீட்டரைத் தாண்டும். ஸ்கேலை வைத்து இரண்டு மூன்று அங்குல நீளத்துக்கு மரைகளை எண்ணி வகுப்பதே சரி. மரை வலமா இடமா, குறுக்குவெட்டு சதுரமா, ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் உள்ள பட்ரஸ் வகையா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். விரைவு விடுவிப்பு வைஸ்களின் அரை நட்டோடு (பாதி வட்டமாக, திருகிலிருந்து விலகக்கூடிய நட்) ஓடும் திருகில் பெரும்பாலும் இந்தப் பட்ரஸ் மரையைப் பார்க்கலாம்.

தேடும் இடங்கள்

நம் ஊரில் முதல் இடம் காயலான் கடைதான். ஆனால் பாகத்தைத் தேடிப் போவதைவிட, அதே மாடலில் செத்துப்போன இன்னொரு வைஸைத் தேடிப் போவதே புத்திசாலித்தனம். உடம்பு பிளந்த வைஸ் எடைக்கு எடை பழைய இரும்பு விலையில் கிடைக்கும். அதிலிருந்து திருகு, நட், நகரும் தாடை, நெம்புகோல், சுழல் அடித்தளம் எல்லாம் ஒருங்கே வரும். கடைக்காரருக்கு மாடல் எண் தேவையில்லை. வைஸின் படமும் தாடையின் அகலமும் போதும். உடைந்த பழைய வைஸ் வந்தால் அறுக்காமல், உடைக்காமல் எடுத்து வைக்கும்படி சொல்லி, எடை விலைக்கு மேல் கொஞ்சம் தருவதாக ஒப்புக்கொண்டால் போதுமானது. சென்னைப் புதுப்பேட்டையில் தொழில் முழுவதும் வண்டிப் பாகங்கள் என்றாலும், அங்கே வண்டிகளைப் பிரிக்கும் பட்டறைகளிலேயே பழைய வைஸ்கள் மேசையில் இருப்பதைப் பார்க்கலாம்; புதிதாக ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சம்மதிப்பவரும் உண்டு. கொழும்பு வாசகருக்குப் பஞ்சிகாவத்தை இதே வகைத் தேடலுக்கு ஏற்ற இடம்.

ரயில்வே தன் கழிவுப் பொருள்களை இணையவழி ஏலத்தில் விடுகிறது. அரசுத் துறைகளுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் எம்எஸ்டிசி நிறுவனம் ஏலம் நடத்துகிறது. இவற்றில் தனியாக ஒரு வைஸை எடுக்க முடியாது, டன் கணக்கில் குவியலாகத்தான் எடுக்க வேண்டும். ஆகவே தனி ஆளுக்கு நேரடி ஏலத்தால் பயனில்லை. ஏலம் எடுக்கும் வியாபாரியை அறிந்து வைத்திருப்பதே பயன். மூடப்பட்ட பஞ்சாலைகளின் பட்டறைப் பொருள்கள் விற்பனைக்கு வரும்போதும் இப்படித்தான்: நெசவு இயந்திரங்களை வாங்கியவர் வைஸ்களைச் சீந்துவதில்லை, அவரிடம் கேட்டால் கொடுத்துவிடுவார்.

வெளிநாட்டில் தேடுவதானால் அதற்கு வேறு கணக்கு. ரெக்கார்டின் சில மாடல்களுக்கும் வில்டனுக்கும் தாடைத் தகடுகள் இன்றும் புதிதாக விற்கப்படுகின்றன. வில்டன் பெயர் இப்போது ஜேபிடபிள்யூ நிறுவனத்திடம் இருக்கிறது. இவை தவிர, மாடல் எண்ணைச் சொன்னால் அந்த அளவுக்குத் தகடு அறுத்துக் கொடுக்கும் சிறு பட்டறைகளும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உண்டு. இணைய ஏலத் தளங்களில் தேடும்போது வைஸ் என்ற சொல்லைப் பிரிட்டிஷார் சி எழுத்தோடும் அமெரிக்கர்கள் எஸ் எழுத்தோடும் எழுதுவதால் இரண்டு வகையிலும் தேட வேண்டும். தகடு, நெம்புகோல், ஸ்பிரிங் போன்ற இலகுவான பாகங்களுக்கு மட்டுமே இந்த வழி சரிப்படும். பத்து கிலோ வார்ப்பைக் கப்பலிலோ விமானத்திலோ வரவழைத்து, சுங்க வரியும் சரக்கு சேவை வரியும் கட்டினால், அந்தப் பணத்தில் உள்ளூரில் இரண்டு வைஸ் வாங்கலாம். விற்பவரிடம் பாகத்தின் படத்தை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், அதன்மேல் ஸ்கேலை வைத்து எடுத்த படத்தைக் கேட்டு வாங்க வேண்டும்; "உங்கள் மாடலுக்குப் பொருந்தும்" என்ற சொல்லுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை.

திருகும் நட்டும்

இந்த இரண்டையும் எப்போதும் இணையாகவே வாங்க வேண்டும். தேய்ந்த திருகில் புதிய நட்டைப் போட்டால், தேய்ந்த பகுதியில் தளர்ந்தும் தேயாத நுனியில் இறுகியும் ஓடும். நுனியில் ஓடும்படி நட்டைத் தளர்த்திச் செய்தால் புதியது வாங்கியும் பயனில்லை. உடைந்த வைஸிலிருந்து எடுப்பதானால் அதன் திருகு, நட், காலர் (திருகைத் தாடையோடு பிடித்து நிறுத்தும் வளையம்) மூன்றையும் ஒன்றாகவே கழற்றி எடுத்துவர வேண்டும்.

இணை கிடைக்காதபோது செலவில்லாத ஒரு வழியை முதலில் பார்த்துவிடலாம். நட்டின் மரையில் தேய்வது ஒரு பக்கம் மட்டுமே, இறுக்கும்போது சுமை தாங்கும் பக்கம். நட் சதுர மரையுடையதாகவும் முன்னும் பின்னும் ஒரே வடிவமுள்ளதாகவும் இருந்தால் அதைத் தலைமாற்றிப் பொருத்தலாம். மரையின் திசை மாறாது, ஆனால் இதுவரை வேலை செய்யாத பக்கம் சுமைக்கு வரும். எல்லா வைஸ்களிலும் இதற்கு இடமில்லை. உடம்பில் மாட்டும் காதோ முளையோ ஒரு பக்கம் மட்டும் இருக்கும் நட்டில் முடியாது. முடிகிற வைஸில் இன்னொரு தலைமுறைக்குக் கவலையில்லை.

புதிதாகக் கடைவதானால் திருகை முதலில் முடித்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு நட்டின் உள்மரையை வெட்டிச் சரிபார்க்க வேண்டும். வெளிமரையை நாம் அளக்கலாம், உள்மரையை அளப்பது கடினம், திருகே அதற்குக் கேஜாக இருக்கட்டும். திருகுக்கு ஈஎன்8 என்னும் நடுத்தரக் கரி எஃகு போதுமானது. நட்டைக் கன்மெட்டல் என்னும் வெண்கல வகையிலோ பாஸ்பர் வெண்கலத்திலோ செய்தால் தேய்மானம் நட்டின் பக்கம் சாயும், திருகு பிழைக்கும். மாற்ற எளிதானது நட் என்பதால் அதுவே நமக்கு வேண்டியது. சில பழைய வைஸ்களின் மூல நட் வார்ப்பிரும்பாக இருந்திருக்கும், வெண்கலத்துக்கு மாற்றுவதை மீட்டெடுப்புக்கு எதிரான குற்றமாக நினைக்க வேண்டியதில்லை.

எந்தப் பட்டறையில் கொடுப்பது என்பதும் யோசிக்க வேண்டியது. அங்குல லீட் ஸ்குரூ (மரை வெட்டும்போது வெட்டுளியை நகர்த்தும் நீண்ட திருகு) உள்ள பழைய லேத்தில் அங்குலத்துக்கு நான்கு மரை வெட்டுவது கியர் மாற்றி ஐந்து நிமிடத்தில் தொடங்கும் வேலை. மெட்ரிக் லீட் ஸ்குரூ உள்ள லேத்தில் சரியான அங்குல மரை வர 127 பல் கியர் வேண்டும். அது இல்லாதவர் "ஏறக்குறைய அதே" இடைவெளியில் வெட்டித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிட வேண்டும். திருகையும் நட்டையும் அதே லேத்தில் வெட்டினால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும் என்பது உண்மைதான், ஆனால் பிற்காலத்தில் மூல பாகம் ஒன்று கிடைத்தால் அதை இதோடு சேர்க்க முடியாது.

விரைவு விடுவிப்பு வைஸின் அரை நட்டு தேய்ந்தால் அடையாளம் தெளிவானது: இறுக்கும்போது கடக்கென்று நழுவும். இதற்கு நட்டு மட்டுமே காரணம் என்று முடிவுகட்டும் முன் அரை நட்டைத் திருகோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும். தளர்ந்த ஸ்பிரிங்கும், பழைய கிரீஸும் இரும்புத்தூளும் கெட்டித்துப்போன குழியும் அதே நழுவலைத் தரும். ஸ்பிரிங்கைக் கம்பி விட்டம், வெளி விட்டம், சுற்றுகள், தளர்ந்த நீளம் ஆகிய அளவுகளைச் சொல்லி ஸ்பிரிங் பட்டறையில் சுற்றி வாங்கலாம்.

திருகைப் பின்னோக்கிச் சுழற்றும்போது முன் தாடை கூடவே வராமல் நிற்கிறதென்றால், நகரும் தாடையின் உள்முகத்தில் திருகைப் பிடித்து நிறுத்தும் காலரோ வாஷரோ ஆணியோ போய்விட்டது என்று பொருள். ஒரு காலரும், அதைத் திருகோடு கோக்கும் ஆணி அல்லது காட்டர் பின்னும்தான் வேண்டியவை. காலருக்கும் தாடைக்கும் இடையில் ஒரு வலிய ஸ்பிரிங் இருந்ததற்கான தடம் சில மாடல்களில் தெரியும். தடம் இருந்தால் ஸ்பிரிங்கையும் போட வேண்டும், இல்லையென்றால் தாடை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே நகரும்.

தாடைத் தகடு

பழைய தகட்டைக் கழற்றுவதில் அவசரம் கூடாது. திருகாணித் தலை உடைந்தால் அதன் தண்டு வார்ப்புக்குள் நின்றுவிடும், பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓரிரவு வைத்து, சுற்றியுள்ள வார்ப்பைச் சீராகச் சூடாக்கி, பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் அகலமான திருப்புளியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே திருப்பினால் பெரும்பாலானவை அசைந்துகொடுக்கும். முகப்பில் திருகாணியே தெரியாத பழைய அமெரிக்க வைஸ்களில் தகடு முளைகளால் பிடிக்கப்பட்டிருக்கும். துளை எங்கே வெளியேறுகிறது என்று தேடி, எதிர்ப்பக்கத்திலிருந்து முளையைத் தட்டி வெளியேற்ற வேண்டும். திருகாணி இல்லை என்பதால் தகடு வார்ப்போடு ஒன்றானது என்று எண்ணி உளியை வைத்துவிடக் கூடாது.

புதிய தகட்டுக்கு மூன்று உலோகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பட்டறைக்காரர்கள் ஓஎச்என்எஸ் என்று சொல்லும், எண்ணெயில் கடினமாகும் எஃகு என் முதல் தேர்வு, ஏனென்றால் சூடாக்கிக் குளிர்விக்கும்போது மிகக் குறைவாகவே கோணும். சுமார் 800 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி எண்ணெயில் அமிழ்த்தி, உடனே 200 முதல் 250 பாகையில் டெம்பர் செய்தால் (மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைத்தால்) தாடைக்கு வேண்டிய கடினம் கிடைக்கும். வெப்பமானி இல்லாதவர் காந்தத்தை வைத்துப் பார்க்கலாம்; எஃகு காந்தத்தை ஈர்க்காத நிலை ஏறத்தாழ 770 பாகையில் வரும், அதற்குக் கொஞ்சம் மேலே போனால் போதும். ஈஎன்8 மலிவானது, ஆனால் அந்த அளவுக்குக் கடினமாகாது. லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து அறுத்துச் செய்வது நம் ஊரில் பழைய வழக்கம். நல்ல எஃகுதான், ஆனால் அதைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் மெல்ல ஆறவைத்து, வளைவை நிமிர்த்தி, ஷேப்பர் என்னும் சீவும் இயந்திரத்தில் இரு முகத்தையும் தட்டையாக்கி முடிப்பதற்குள் ஓஎச்என்எஸ் துண்டு வாங்கிய செலவை எட்டிவிடுகிறது.

துளையிடுதலும், குறுக்கும் நெடுக்குமான பிடிப்புக் கோடுகளை வெட்டுதலும் கடினப்படுத்துவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்தக் கோடுகள் உண்மையிலேயே வேண்டுமா என்று ஒருமுறை யோசிக்கலாம். முடித்த பரப்புள்ள வேலைகளைப் பிடிக்கிறவருக்கு வழவழப்பான தகடே நல்லது. குழாயும் கரட்டு இரும்பும் பிடிக்கிறவருக்கு மட்டும் கோடுகள் தேவை. மென்மையான பொருள்களைப் பிடிக்க அலுமினியத் தகட்டை வளைத்து மேலே மாட்டிக்கொள்ளலாம், அதற்காக எஃகுத் தகட்டைக் கடினப்படுத்தாமல் விடத் தேவையில்லை.

கைப்பிடியும் வார்ப்புகளும்

கைப்பிடிக் கம்பியைச் சாதாரண மைல்டு ஸ்டீலில்தான் செய்ய வேண்டும். கடின எஃகில் செய்தால் வளையாது என்று பலர் பெருமையாகச் செய்துகொள்கிறார்கள். ஆனால் அளவுக்கு மீறி இறுக்கும்போது முதலில் வளைய வேண்டியது அந்தக் கம்பிதான். அது வளையாவிட்டால் அந்த விசை நட்டுக்கும் வார்ப்புக்கும் போகும். விட்டம் திருகுத் தலையின் துளையில் தளர்வாக ஓட வேண்டும், நீளம், தாடை அகலத்தோடு மூலக் கைப்பிடிக்கு இருந்த விகிதத்தைத் தாண்டக் கூடாது. இரு முனைக் குமிழ்களில் ஒன்றைக் கம்பியோடு சேர்த்துக் கடைந்து, மற்றதை மரையில் ஏற்றி நுனியைச் சுத்தியலால் தட்டிப் பரப்பிவிட்டால் கழன்று போகாது.

உடைந்த வார்ப்புகளில் எதை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன். சுழல் அடித்தளத்தின் போல்ட் காது உடைந்திருந்தால், வார்ப்பு முழுவதையும் சூடாக்கி உருக்கிய வெண்கலத்தால் ஒட்டும் பிரேசிங்கைச் செய்தால் வாழ்நாளுக்கும் நிற்கும். நகரும் தாடையின் கழுத்திலோ, நட் அமரும் இடத்திலோ விரிசல் இருந்தால் எந்த வெல்டிங்கையும் நம்ப மாட்டேன். அங்கே மாற்று வார்ப்பைத் தேட வேண்டும், அல்லது அந்த வைஸை மற்றவற்றுக்குப் பாகம் தரும் வைஸாக ஒதுக்கிவிட வேண்டும்.

புதிதாக வார்ப்பது கடைசி வழி. கோயம்புத்தூர்ப் பவுண்டரிகளில் ஒற்றைப் பாகத்தை வார்த்துத் தருவோர் இருக்கிறார்கள். பழைய பாகத்தையே அச்சுக்கு மாதிரியாகக் கொடுக்கவும் முடியும். ஆனால் வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் சுருங்கும், அதாவது 100 மில்லிமீட்டர் பாகத்துக்கு ஒரு மில்லிமீட்டர். பழைய பாகத்தை அப்படியே மணலில் பதித்தால் வருவது அதைவிடச் சிறிய பாகமாக இருக்கும், மேல்முகத்தைச் சீவுவதற்கும் சதை மிஞ்சாது. மாதிரியின் சீவ வேண்டிய முகங்களில் புட்டியோ மெல்லிய மரத் துண்டோ ஒட்டிச் சுருக்கத்துக்கும் சீவலுக்கும் சேர்த்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயர்த்திக் கொடுக்க வேண்டும். போல்ட் துளைகளை மெழுகாலோ புட்டியாலோ அடைத்துக் கொடுத்து, வார்த்து வந்தபின் துளைத்துக்கொள்வதே நல்லது. அடித்தளம், பூட்டு நெம்புகோல், நட் ஆகியவற்றுக்கு இந்த வழி ஏற்றது. நகரும் தாடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் உடம்பின் குழாய்க்குள் ஓடும் அதன் நீண்ட தண்டைச் சுற்றிலும் சீராகச் சீவி எடுக்கும் கூலியே மற்றொரு பழைய வைஸின் விலையாகிவிடும்.

பாகங்கள் எல்லாம் சேர்ந்தபின் பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒருமுறை முழுவதும் பூட்டிப் பார்க்க வேண்டும். தாடைத் தகட்டுத் திருகாணிகளை அரைகுறையாக இறுக்கிவிட்டு, இரண்டு மெல்லிய தாள் கீற்றுகளைத் தாடையின் இரு ஓரங்களிலும் வைத்து வைஸை மெல்ல மூட வேண்டும். இரண்டு கீற்றுகளும் ஒரே இறுக்கத்தில் பிடிபட்டால் திருகாணிகளை முழுதாக இறுக்கலாம். ஒன்று உருவி வந்தால் அந்தப் பக்கத் தகட்டுக்குப் பின்னால் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைப்பதற்கு முன், தகடு அமரும் வார்ப்புப் படியில் துருவோ பழைய பெயின்ட்டோ மிச்சமிருக்கிறதா என்று பார்க்கவும்; பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.